தறி நின்ற இடம்

என் ஆய்வேட்டின் நான்காவது அத்தியாயத்தில் ஒரு வரைபடம் இருக்கிறது. கிடையாக வெப்பநிலை, நெட்டாக மின்காப்பு மாறிலி. இடது ஓரத்தில் 5 கெல்வினில் தொடங்கும் கோடு மெதுவாக ஏறி, 35 கெல்வினுக்குப் பக்கத்தில் உச்சி தொட்டு, அந்தப் பக்கம் சரிந்துவிடும். ஏறுகிற வழியில், 12 கெல்வின் கிட்டே, கண்ணைச் சுருக்கிப் பார்த்தால்தான் தெரிகிற மாதிரி ஒரு சின்னப் பள்ளம். வைவாவில் கேட்ட முதல் கேள்வியே அந்தப் பள்ளத்தைப் பற்றித்தான். நான் சொன்ன பதில் சரியான பதில். ஆனால் முழுப் பதில் இல்லை. முழுப் பதிலில் எங்கள் வீட்டுத் தறி வரும். அதையெல்லாம் வைவாவில் சொல்ல முடியுமா?

அதைவிடச் சொல்லக் கூச்சமான விஷயம் இன்னொன்று. அந்தப் பள்ளத்தை முதலில் நான் அழித்துவிட்டேன்.

*

எங்கள் ஊர் திருப்பருத்திக்குன்றம். காஞ்சிபுரத்தை ஒட்டி, வேகவதி ஆற்றங்கரையில். காஞ்சிபுரம் என்றதும் காமாட்சியையும் ஏகாம்பரநாதரையும் வரதரையும் பார்த்துவிட்டுப் புடவை வாங்கிக்கொண்டு போகிறவர்களுக்கு எங்கள் ஊர் தெரியாது. ஆனால் காஞ்சியின் ஒரு பகுதிக்கு ஜின காஞ்சி என்று பெயர், அது நாங்கள்தான். இங்கே இருக்கிற திரைலோக்கியநாதர் கோயில் சமணக் கோயில். அதன் சங்கீத மண்டபத்தை விஜயநகர அமைச்சர் இருகப்பர் 1387இல் கட்டினார். மண்டபத்தின் கூரை முழுக்க ஓவியம். ரிஷபநாதர், நேமிநாதர், மகாவீரர் இவர்களுடைய கதைகள் பட்டை பட்டையாகப் போகும். 1934இல் டி. என். ராமச்சந்திரன் இந்தக் கோயில்களைப் பற்றி ஒரு தனிப் புத்தகமே எழுதி, மெட்ராஸ் மியூசியம் அதை வெளியிட்டது. சின்ன வயசில் அதெல்லாம் எனக்கு எங்கே தெரியும்? கல் தரை ஜில்லென்று இருக்கும், மல்லாக்கப் படுத்துக்கொண்டு கூரையைப் பார்க்கலாம். அவ்வளவுதான். பள்ளிக்கூட லீவில் நான் தறியிலிருந்து தப்பித்து ஓடுகிற இடம் அது.

ஊர்ப் பெயரில் பருத்தி இருக்கிறது. எங்கள் வீட்டில் ஓடியது பட்டுத் தறி. சொந்தப் பாவு கிடையாது. முதலாளி பாவும் ஜரிகையும் கொடுப்பார், அப்பா நெய்து கொடுத்துக் கூலி வாங்குவார். அதிலும் கோர்வைப் புடவை. தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். கோர்வையில் உடல் ஒரு நிறம், கரை வேறு நிறம். உடலின் ஊடை கரைக்குள் போகாது, கரையின் ஊடை உடலுக்குள் வராது. இரண்டும் சந்திக்கிற இடத்தில் ஒன்றையொன்று கோர்த்துக்கொண்டு திரும்பிவிடும். அதற்கு மூன்று நாடா வேண்டும். குழிக்குள் காலை விட்டு உட்கார்ந்து மிதிக்கிறவர் இரண்டைப் பார்த்துக்கொள்வார். வலது கரை நாடாவைத் தள்ள இன்னொரு ஆள் பக்கத்தில் வேண்டும். எங்கள் வீட்டில் அந்த ஆள் நான். ஏழு வயசிலிருந்து பதினான்கு வயசு வரை, பள்ளிக்கூடத்துக்கு முன்னால் ஒரு மணி நேரம், வந்த பிறகு விளக்கு வைக்கும் வரை.

இதைக் குழந்தைத் தொழிலாளர் முறை என்று எழுதினால் அப்பாவுக்கு வலிக்கும். எழுதாவிட்டால் எனக்கு. அதனால் எழுதிவிட்டு மேலே போகிறேன்.

அப்பாவிடம் ஒரு பழக்கம் உண்டு. ராத்திரி தறியை விட்டு எழுந்திருக்கும்போது பாவின் இழுப்பைக் கொஞ்சம் தளர்த்திவிட்டுத்தான் எழுந்திருப்பார். காலையில் உட்கார்ந்ததும் மறுபடி இறுக்குவார். தளர்த்தாமல் விட்டால் என்ன ஆகும் என்று ஒருமுறை கேட்டேன். "தறி நின்ன எடம் பொடவையில தெரியும்மா" என்றார். இரவெல்லாம் இழுத்த நிலையில் நிற்கிற பட்டு நூல் துளித்துளியாக நீண்டுகொடுக்கும். காலையில் அதே இறுக்கம் என்று நினைத்து நெய்ய ஆரம்பித்தால் அந்த இடத்தில் ஊடை அடர்த்தி மாறி, குறுக்கே ஒரு கோடு விழும். வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்தால் முதலாளி கண்டுபிடித்துவிடுவார், கூலியில் கை வைப்பார். முதலாளிக்குத் தெரிகிற அளவு இல்லாவிட்டாலும் அப்பாவுக்குத் தெரியும். நெய்து முடித்த புடவையை மடிக்கும்போது விரலால் தொட்டு, "இது நீ ஜொரம்னு படுத்த அன்னிக்கி", "இது கரண்ட்டு போன ராத்திரி" என்பார். நான் அவர் கதை விடுகிறார் என்றுதான் நினைத்தேன்.

*

எட்டாவதில் நல்ல மார்க். ஒரு ஆசிரியர் வீட்டுக்கு வந்து பேசினார். நான் விடுதிப் பள்ளிக்கூடத்துக்குப் போனேன், என் இடத்தில் அம்மா உட்கார்ந்தாள். பிறகு காலேஜ், எம்எஸ்ஸி, பிறகு வடக்கே ஒரு ஊரில் ஆராய்ச்சி. ஊர் பெயரும் நிறுவனத்தின் பெயரும் வேண்டாம்.

என் வேலை குளிர வைப்பது. வீட்டில் கேட்டால் அப்படித்தான் சொல்வேன். "பெரிய ஃபிரிட்ஜ் ஒன்னு இருக்கு. அதுக்குள்ள ஒரு கல்ல வெச்சு, எவ்ளோ குளிருதோ அவ்ளோ குளிர வெச்சு, அதுக்கு இன்னா ஆவுதுன்னு பாக்கணும்." அம்மா, "அதுக்கு ஏன் இங்லீஷ்ல இவ்ளோ பரீட்ச எழுதின?" என்று கேட்டாள்.

அந்தக் கல் பொட்டாசியம் டாண்டலேட். பெரோவ்ஸ்கைட் என்ற பெரிய குடும்பத்தைச் சேர்ந்த படிகம். 1839இல் யூரல் மலையில் கிடைத்த ஒரு கனிமத்துக்கு குஸ்தாவ் ரோஸ் என்கிற ஜெர்மானியர் வைத்த பெயர்தான் பிறகு குடும்பப் பெயரானது. அமைப்பு எளிமையானது. ஒரு கனசதுரத்தைக் கற்பனை செய்துகொள்ளுங்கள். எட்டு மூலையிலும் பொட்டாசியம், நட்ட நடுவில் டாண்டலம், ஆறு முகங்களின் மையத்திலும் ஆக்சிஜன். இதே வீட்டில் ஆட்களை மாற்றி பேரியமும் டைட்டானியமும் குடிவைத்தால் பேரியம் டைட்டனேட். உங்கள் கையில் இருக்கிற போனுக்குள் நூற்றுக்கணக்கான குட்டிக் கப்பாசிட்டர்களாக இருப்பது பெரும்பாலும் அதுதான்.

பேரியம் டைட்டனேட்டைச் சுமார் 120 டிகிரி செல்சியஸுக்குக் கீழே கொண்டுவந்தால் நடுவில் இருக்கிற டைட்டானியம் மையத்தை விட்டு ஒரு பக்கமாக நகர்ந்து உட்காரும். ஒன்று மட்டும் இல்லை, பக்கத்து வீட்டுக்காரர்களும் அதே பக்கமாக. நேர்மின்னூட்டம் ஒரு பக்கம், எதிர்மின்னூட்டம் மறுபக்கம் என்று படிகம் முழுக்க ஒரு திசை வந்துவிடும். வெளியிலிருந்து மின்புலம் கொடுத்தால் திசையைத் திருப்பலாம், எடுத்துவிட்டாலும் திரும்பிய திசையிலேயே நிற்கும். இதற்குத்தான் ஃபெர்ரோஎலெக்ட்ரிக் என்று பெயர். ஃபெர்ரோ என்றால் இரும்பு, ஆனால் இதில் இரும்பு எதுவும் இல்லை. காந்தத்தைப் பார்த்து வைத்த பெயர்.

பொட்டாசியம் டாண்டலேட் இந்த விஷயத்தில் ஒரு வினோதமான பிறவி. குளிரக் குளிர இதுவும் ஃபெர்ரோஎலெக்ட்ரிக் ஆகப்போவது போல நடந்துகொள்ளும். அறை வெப்பத்தில் இருநூற்றுச் சொச்சமாக இருக்கிற மின்காப்பு மாறிலி 4 கெல்வினில் நாலாயிரத்தைத் தாண்டிவிடும். நடு அணுவின் அதிர்வு மந்தமாகிக்கொண்டே வரும், இதோ ஒரு பக்கம் சாயப்போகிறது என்று தோன்றும். ஆனால் சாயாது. எவ்வளவு குளிர வைத்தாலும் முழுமையாக அடங்காத குவாண்டம் நடுக்கம் ஒன்று அணுக்களுக்கு உண்டு. அந்த நடுக்கம் சாயவிடாமல் பிடித்துக்கொள்கிறது. ஸ்ட்ரான்ஷியம் டைட்டனேட்டும் இப்படித்தான். 1979இல் ம்யுல்லரும் புர்க்கார்டும் இதற்கு 'குவாண்டம் பாராஎலெக்ட்ரிக்' என்று பெயர் வைத்தார்கள். ஏழெட்டு வருஷத்தில் அதே ம்யுல்லர், பெட்னோர்ஸோடு சேர்ந்து வேறொரு பெரோவ்ஸ்கைட் உறவில் உயர்வெப்ப மீக்கடத்தியைக் கண்டுபிடித்து, 1987இல் நோபல் வாங்கினார்.

அணுக்கள் மந்தமாகிச் சாய்வது என்று சுலபமாகச் சொல்லிவிட்டேன். இந்த யோசனைக்குப் பின்னால் நம் ஊர்க்காரர் ஒருவரும் இருக்கிறார். 1940இல் சி. வி. ராமனும் அவருடைய மாணவர் நெடுங்காடியும் குவார்ட்ஸைச் சூடுபடுத்தி, 573 டிகிரியில் அது உருமாறுவதற்கு முன்னால் ஒரு குறிப்பிட்ட அதிர்வு தளர்ந்துகொண்டே போவதை ஒளிச்சிதறலில் பார்த்து 'நேச்சர்' இதழில் எழுதினார்கள். அதிர்வு தளர்ந்து நின்றுபோவதுதான் உருமாற்றம் என்கிற கோட்பாட்டை ஆண்டர்சனும் காக்ரனும் வைத்தது அதற்கு இருபது வருஷம் கழித்து. ராமன் விளைவு என்று பள்ளிக்கூடத்தில் பிப்ரவரி 28க்குப் போட்டி வைக்கிறார்கள். இந்தக் கட்டுரையை யாரும் சொல்வதில்லை, எனக்கு இதுதான் பிடித்தது.

*

இப்போது கலப்படம். சாயலாமா வேண்டாமா என்று விளிம்பில் நிற்கிற இந்தப் படிகத்தில் மிகக் கொஞ்சமாக வேறு அணுவைச் சேர்த்தால்?

லித்தியத்தை வைத்துச் சொல்வது சுலபம். பொட்டாசியம் பெரிய ஆள், லித்தியம் பொடியன். பொட்டாசியத்தின் நாற்காலியில் லித்தியத்தை உட்கார வைத்தால், தாத்தாவின் ஈசிசேரில் ஏறிய பிள்ளை மாதிரி நடுவில் இருக்க முடியாமல் ஒரு ஓரமாகச் சரிந்துவிடும். சரிவதற்கு ஆறு திசை: மேல், கீழ், முன், பின், இடம், வலம். ஒவ்வொரு லித்தியமும் தனக்குத் தோன்றிய திசையில் சரிந்து, தன்னைச் சுற்றியிருக்கிற எளிதில் சாயக்கூடிய படிகத்தையும் கொஞ்ச தூரம் தன் பக்கம் சாய்த்துவைக்கும். லித்தியம் நிறைய இருந்தால் இந்தச் செல்வாக்கு வட்டங்கள் ஒன்றோடொன்று தொட்டு, பேசி, ஒரு முடிவுக்கு வரும். அப்போது ஃபெர்ரோஎலெக்ட்ரிக். குறைவாக இருந்தால், நூற்றுக்கு ஒன்று ஒன்றரை என்ற அளவில், வராது. ஒருவன் மேலே பார், ஒருவன் வலது பக்கம் பார், நடுவில் இருக்கிறவனுக்கு இருவரையும் திருப்திப்படுத்த வழியில்லை. அந்தக் குழப்பத்திலேயே குளிர்ந்து, உறைந்து நின்றுவிடும். திரவத்தின் ஒழுங்கின்மை அப்படியே உறைந்தால் கண்ணாடி. இங்கே அணுக்களெல்லாம் அதனதன் வரிசையில் ஒழுங்காகத்தான் இருக்கின்றன, அவை பார்க்கும் திசை மட்டும் கண்ணாடி. சூரிச் ஐபிஎம்மில் இருந்த ஹோக்லியும், படிகங்களை வளர்த்துக்கொடுத்த ஓக் ரிட்ஜின் போட்னரும், வைபெல் என்பவரும் சேர்ந்து 1979இல் இதைத் துருவக் கண்ணாடி என்று அழைத்தார்கள். எத்தனை சதவீதத்தில் கண்ணாடி ஃபெர்ரோஎலெக்ட்ரிக்காக மாறுகிறது? சுமார் 2 சதவீதம் என்பார்கள். அந்த எல்லை கூர்மையானதா, உண்மையில் எல்லை என்று ஒன்று உண்டா என்பதில் வருஷக்கணக்கில் சண்டை நடந்திருக்கிறது.

நான் வேலை பார்த்தது லித்தியத்தில் இல்லை, நையோபியத்தில். அது நடு இருக்கையில், டாண்டலத்தின் இடத்தில் உட்காரும். இருவரும் ஏறக்குறைய ஒரே அளவு. ஆனாலும் நையோபியம் மையத்தில் நிற்காமல், கனசதுரத்தின் எட்டு மூலைகளில் ஏதோ ஒன்றை நோக்கித் துளி நகர்ந்துகொள்ளும். 1977இல் ஹோக்லியும் போட்னரும் காட்டியபடி 0.8 சதவீதம் நையோபியம் போதும், குவாண்டம் நடுக்கத்தை மீறி ஃபெர்ரோஎலெக்ட்ரிக் நிலை எட்டிப்பார்க்கும். நூற்றில் ஒரு பங்குகூட இல்லை! இதே கதையை ஸ்ட்ரான்ஷியம் டைட்டனேட்டில் கால்சியத்தை வைத்து 1984இல் பெட்னோர்ஸும் ம்யுல்லரும் சொன்னார்கள், அங்கே 0.18 சதவீதமே போதும். கால்சியத்தைக் கூட்டிக்கொண்டே போனால் என்ன ஆகும் என்பதில் இந்தியாவில் நடந்த வேலை முக்கியமானது. காசி இந்துப் பல்கலைக்கழகத்தில் ராஜீவ் ரஞ்சனும் தனஞ்சய் பாண்டேயும், இந்தூரிலிருந்து லல்லாவும் சேர்ந்து 2000இல் எழுதிய கட்டுரையில், பக்கத்துப் பக்கத்துத் துருவங்கள் எதிரெதிராக நிற்கிற இன்னொரு நிலையும் அங்கே போட்டி போடுகிறது என்று காட்டினார்கள். அதை நான் நாலு தடவை படித்தும் பாதிதான் புரிந்தது, ஐந்தாவது தடவையில் மீதி.

என் படிகத்தில் நையோபியம் இரண்டரை சதவீதம். 0.8ஐத் தாண்டி வெகுதூரம். ஆகவே இது ஃபெர்ரோஎலெக்ட்ரிக், 35 கெல்வின் வாக்கில் உருமாறும், அதைத் துல்லியமாக அளந்து எழுதினால் ஒரு அத்தியாயம். அப்படித்தான் என் கைடு சொன்னார். நானும் அப்படித்தான் நினைத்தேன்.

*

படிகம் மூன்று மில்லிமீட்டர் நீளம், பட்டாணியை நசுக்கினாற்போல. இரண்டு முகத்திலும் வெள்ளிப் பூச்சு பூசி, முடி மாதிரிக் கம்பி ஒட்டி, க்ரையோஸ்டாட்டுக்குள் வைத்து, காற்றை உறிஞ்சி எடுத்துவிட்டுக் குளிர வைக்க வேண்டும். ஹீலியத்தை அமுக்கி விரிக்கிற இயந்திரம் நொடிக்கு ஒரு தரம் "குய்ங், குய்ங்" என்று கத்தும். மற்ற ஸ்காலர்கள் காதில் பஞ்சு வைத்துக்கொள்வார்கள். எனக்கு அந்தச் சத்தம் இருந்தால்தான் தூக்கம் வரும். தறிச் சத்தத்தில் தூங்கி வளர்ந்தவள்.

பிரச்சினை, அளவுகள் ஒத்துப்போகவில்லை. உச்சிக்கு மேலே எல்லா ரன்னும் ஒன்றன்மேல் ஒன்று கச்சிதமாக விழும். கீழே, ஒவ்வொரு முறையும் கொஞ்சம் கொஞ்சம் வேறு. வேகமாகக் குளிர வைத்தால் ஒன்று, மெதுவாகக் குளிர வைத்தால் ஒன்று. கைடு காண்டாக்ட் சரியில்லை என்றார். மாற்றினேன். மறுபடியும் அதேதான். "கவனமா செய்றவங்களுக்கு ரெண்டு தடவை ஒரே பதில் வரும்" என்றார், இங்கிலீஷில், இதைவிட நறுக்கென்று. குரூப் மீட்டிங்கில் பத்துப் பேர் முன்னால். மூன்றாவது வருஷம் முடிகிற நேரம் அது. ஒரு பேப்பர்கூட இல்லை.

ஐப்பசியில் ஒரு வியாழக்கிழமை. சாயங்காலம் ஏழரை மணிக்குப் படிகத்தைக் குளிர வைத்துக்கொண்டு 12 கெல்வினில் இருந்தேன். 5 வரை போய்விட்டுத் திரும்ப ஏற வேண்டும். அம்மாவின் போன். அம்மா அந்த நேரத்தில் கூப்பிட மாட்டாள்.

"அப்பா தறிய எறக்கிட்டார்றி."

தறிக்குழியில் தண்ணீர் ஊறிவிட்டது. அது எல்லா ஐப்பசியிலும் ஊறும், பத்து நாள் வேலை நிற்கும், வெயில் வந்ததும் காய்ந்துவிடும். அதுவல்ல காரணம். அம்மாவுக்கு வலது தோள் போய் ஒரு வருஷம் ஆகியிருந்தது, நாடா தள்ள முடியவில்லை. கோர்வைக்கு ஆள் வைத்தால் கூலியில் பாதி அவருக்குப் போகும். கரையும் உடலும் ஒரே நிறத்தில் கோர்வை இல்லாத புடவை நெய்து பார்த்தார், அதை விசைத்தறி இன்னும் மலிவாகக் கொடுக்கிறது. இதையெல்லாம் அம்மா ஒவ்வொரு போனிலும் ஒரு வாக்கியமாகச் சொல்லியிருக்கிறாள். நான் ம் கொட்டியிருக்கிறேன். ஸ்டைபெண்ட் நாலு மாசமாக வரவில்லை என்று நான் சொல்லாமல் இருந்த மாதிரியேதான்.

அப்பாவிடம் கொடுக்கச் சொன்னேன். "கட்டைங்களுக்கு இன்னாப்பா பண்ணீங்க?" என்று மட்டும் கேட்க முடிந்தது. "பக்கத்துத் தெருவுல ஒருத்தர் கேட்டார், குடுத்துட்டேன். அச்சு மட்டும் வெச்சிருக்கேன்" என்றார். பிறகு, "சாப்டியா?" என்றார்.

திரையில் ஹோல்டு பட்டனை அழுத்தினேன். வெப்பநிலை 12இல் நின்றது. மொட்டை மாடிக்குப் போனேன். வலது கரை நாடா காலியாக இருந்ததற்கு நான்தான் காரணமா, இல்லையா என்று இரண்டு பக்கமும் வாதாடிக்கொண்டிருந்ததில் விடிந்துவிட்டது. காலை ஆறரைக்கு வந்து ஹோல்டை எடுத்தேன். பதினோரு மணி நேரம். படிகம் 5 கெல்வினுக்குப் போயிற்று, பிறகு மெதுவாகச் சூடேற்றினேன். 12ஐத் தாண்டும்போது கோடு ஒரு பள்ளத்தில் இறங்கி ஏறியது.

எனக்கு அதைப் பார்க்கவே பிடிக்கவில்லை. இன்னொரு ஒத்துப்போகாத ரன். இன்னொரு "கவனம் இல்லை". அந்தப் பள்ளத்தில் இருந்த பதினான்கு புள்ளிகளைத் தேர்ந்தெடுத்து அழித்தேன். இரண்டு பக்கத்தையும் மென்பொருள் ஒரு வழவழப்பான கோட்டால் சேர்த்துவிட்டது. அடுத்த மாதம் ஒரு கருத்தரங்கில் அந்தக் கோட்டைப் போஸ்டராகப் போட்டு, அதன் பக்கத்தில் புடவை கட்டிக்கொண்டு நின்றேன். அப்பா நெய்த புடவை.

*

எட்டு மாதம் கழித்து வேறு எதையோ தேடும்போது 1999இல் பாரிஸ் குழு ஒன்று எழுதிய கட்டுரை கண்ணில் பட்டது. தூசினோ, லெவெலூ, இன்னொருவர். தலைப்பிலேயே முதுமை, நினைவு என்ற சொற்கள். ஏதோ உளவியல் கட்டுரை என்று தாண்டப் பார்த்தேன். அவர்களுடைய படிகமும் நையோபியம் கலந்த பொட்டாசியம் டாண்டலேட்.

அவர்கள் வேண்டுமென்றே செய்ததை நான் தெரியாமல் செய்திருந்தேன். குளிர வைத்துக்கொண்டே வந்து நடுவில் ஓரிடத்தில் மணிக்கணக்கில் நிறுத்துவது. நிறுத்திய இடத்தில் மாறிலி சும்மா இருக்காது, மெல்ல மெல்லக் குறைந்துகொண்டே போகும். இதற்குத்தான் முதுமை என்று பெயர். மேலும் குளிர வைத்தால் அது ஒன்றுமே நடக்காத மாதிரி பழைய பாதைக்கு வந்துவிடும். ஆனால் திரும்பச் சூடேற்றி வரும்போது, முன்பு நின்ற அதே வெப்பநிலை வந்ததும் கோடு தானாகக் கீழே இறங்கும். இங்கே நின்றேன், இவ்வளவு நேரம் நின்றேன் என்கிற மாதிரி. இது நல்ல பிள்ளையான ஃபெர்ரோஎலெக்ட்ரிக் செய்கிற வேலை இல்லை. கண்ணாடி செய்கிற வேலை. ஸ்பின் கண்ணாடி என்கிற ஒழுங்கற்ற காந்தங்களில் இதே நினைவை அதற்கு முந்தின வருஷம் பார்த்திருந்தார்கள். ஒழுங்கற்ற அமைப்புகளின் கணக்கைப் போட்டதற்காக ஜார்ஜோ பாரிஸிக்கு 2021இல் நோபல் கிடைத்ததே, அந்தக் குடும்பத்து விவகாரம்.

ஏன் இப்படி? என் படிகம் 35 கெல்வினில் துருவங்களை ஒழுங்குபடுத்தத் தொடங்குகிறது, ஆனால் முழுப் படிகமும் ஒரே திசைக்கு வருவதில்லை. பேட்டை பேட்டையாகப் பிரிந்து, பேட்டைகளுக்கு நடுவே சுவர்கள் நிற்கும். தாறுமாறாகச் சிதறிக் கிடக்கும் நையோபியம் அந்தச் சுவர்களை ஆங்காங்கே பிடித்து மாட்டி வைக்கும். 12 கெல்வினில் காத்திருந்தால் சுவர்கள் தங்களுக்கு வசதியான மேடுபள்ளத்தை மெல்லத் தேடி உட்காரும். இன்னும் குளிர்ந்தால் அந்தப் பெரிய ஏற்பாடு அப்படியே பூட்டிக்கொள்ளும், அதற்குள் சின்னச் சின்ன நெளிவுகள் மட்டும் தம் வேலையை முதலிலிருந்து ஆரம்பிக்கும். திரும்பி வரும்போது பூட்டு திறந்து, விட்ட இடத்தில் விட்டபடியே இருக்கும். இது முழு விளக்கம் என்று சொல்ல மாட்டேன், சுவர்களை வைத்துச் சொல்வதா பாரிஸியின் அடுக்கடுக்கான பள்ளத்தாக்குகளை வைத்துச் சொல்வதா என்று பெரியவர்கள் வாதாடுகிறார்கள். நான் சுவர் கட்சி.

பழைய கோப்பு கணினியில் இருந்தது. அழித்தது வரைபடத்திலிருந்து மட்டும்தான், மூலத் தரவிலிருந்து அல்ல. பதினான்கு புள்ளிகளும் அங்கேயே இருந்தன. நான் கைடிடம் போய்ச் சொன்னேன். போஸ்டரில் போட்ட கோடு பொய் என்பதையும் சேர்த்து. அவர் ரொம்ப நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு, "மறுபடி பண்ணு. வேற டெம்பரேச்சர்ல நிறுத்து" என்றார். 16இல் நிறுத்தினேன், பள்ளம் 16க்கு வந்தது. இரண்டு மணி நேரம் மட்டும் நிறுத்தினேன், பள்ளம் ஆழம் குறைந்தது. என் பழைய ரன்கள் ஒத்துப்போகாததற்கும் காரணம் அதுவே. ஒவ்வொரு தடவையும் நான் டீக்குப் போனது, கரண்ட் போனது, கம்ப்ரெஸ்ஸர் மக்கர் பண்ணியது எல்லாவற்றையும் படிகம் எழுதி வைத்திருக்கிறது. கவனக்குறைவு என்று அவர் சொன்னதை அவர் திரும்ப எடுத்துக்கொள்ளவில்லை. நானும் கேட்கவில்லை. ஆய்வேட்டில் அவருடைய நன்றியுரைப் பத்தியை மூன்று தடவை எழுதிக் கடைசியில் இரண்டு வரியில் முடித்தேன்.

நான்காவது அத்தியாயத்துக்கு 16 கெல்வின் வரைபடம்தான் சுத்தமானது. ஆனாலும் அந்த ஐப்பசி ரன்னையே போட்டேன்.

*

ஆய்வேட்டைச் சமர்ப்பித்துவிட்டு ஊருக்குப் போனபோது தறிக்குழி இருந்த இடத்தில் சிமென்ட் போட்டு, மேலே கிரைண்டர் வைத்திருந்தார்கள். சிமென்ட் பூச்சு பக்கத்துத் தரையைவிட அரை விரல் உயரம், இருட்டில் நடந்தால் தடுக்கும். அப்பா காந்தி ரோட்டில் ஒரு ஜவுளிக்கடையில் வேலைக்குப் போகிறார். வாடிக்கையாளர் பிரித்துப் போட்ட புடவைகளை மடித்து அடுக்குவது. நாளெல்லாம் மற்றவர்கள் நெய்தது கையில் வந்துபோகும். "கோர்வைன்னு சொல்லி விக்கிறான், தொட்டா தெரியுது" என்பதுதான் அவருடைய தினசரிச் செய்தி.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் இருவரும் கோயிலுக்குப் போனோம். சங்கீத மண்டபத்தில் யாரும் இல்லை. அப்பா தூணில் சாய்ந்து உட்கார்ந்தார், நான் பழைய இடத்தில் மல்லாந்து படுத்தேன். பையிலிருந்து ஆய்வேட்டை எடுத்து நான்காவது அத்தியாயத்தைப் பிரித்துக் கொடுத்தேன். கண்ணாடியை ஏற்றிக்கொண்டு வரைபடத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார். இங்கிலீஷ் எழுத்தின் பக்கம் போகவில்லை. விரலைக் கோட்டின் மேலே வைத்து, இடமிருந்து நகர்த்திக்கொண்டே வந்தார். பள்ளத்தில் விரல் நின்றது.

"இங்க நிறுத்தினியா?"

"ஆமாப்பா."

"எவ்ளோ நேரம்?"

"ஒரு ராத்திரி."

"தளத்தாம வுட்டுட்ட."

என்றைக்கு என்று அவர் கேட்கவில்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன் என்று நினைக்கிறேன். பிறகு நானே சொன்னேன், கூரையைப் பார்த்துக்கொண்டு. அவர் பக்கத்தைத் திருப்பவும் இல்லை, மூடவும் இல்லை.

படிகம் என்னிடம் இருந்தது. அளந்து முடித்த துண்டுகளில் ஒன்று, அனுமதி வாங்கித்தான் கொண்டுவந்தேன். குங்குமச் சிமிழில் பஞ்சுக்குள் வைத்திருந்ததை எடுத்துக் கொடுத்தேன். ஓரத்தில் வெள்ளிப் பூச்சு ஒட்டியிருந்தது, நடுவில் நிறமே இல்லை. கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் பிடித்து, மண்டபத்துக்கு வெளியே இருந்த வெளிச்சத்துக்கு நேராக நீட்டினார். முதலாளி புடவையைப் பிடித்துப் பார்க்கிற மாதிரி.

"ஒன்னுமே தெரியலையே."

"சூடாயிடுச்சுப்பா. முப்பத்தஞ்சுக்கு மேல போனாவே எல்லாம் அழிஞ்சிடும். இப்ப அதுல ஒன்னும் இருக்காது."

"மறுபடி குளிர வெச்சா?"

"வராது. புதுசாத்தான் ஆரம்பிக்கும்."

இன்னும் கொஞ்ச நேரம் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு பஞ்சைச் சரிசெய்து, படிகத்தை உள்ளே வைத்து, சிமிழை மூடி, என் பைக்குள் தானே போட்டு ஜிப்பை இழுத்துவிட்டார். குரா மரத்துப் பக்கமாகச் சுற்றிக்கொண்டு வெளியே வந்தோம். வாசலில் செருப்பைத் தேடிக்கொண்டே, "அந்த நையோபியம் நூத்துக்கு எவ்ளோ போடுவீங்கன்ன?" என்று கேட்டார்.

"ரெண்டரை."

"அவ்ளோதானா" என்றார்.